குஞ்சுகள் பறந்துவிட்டன

பழைய வீடு வாங்குகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள், கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள். கூரைமேல் யாரும் ஏறுவதில்லை. நான் ஏறினேன், சார்.

மேட்டுப்பட்டியில் ஓட்டு வீடு. கைமரங்களைக் கரையான் தின்றிருந்தது. உடைந்த ஓடுகளுக்கு அடியில் எலிப்புழுக்கை. சமையலறைப் புகைக்கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்விளிம்பில் புறா எச்சம் கஞ்சிபோலப் படிந்திருந்தது. அதன்மேல் கூடு. இறங்கி வந்து வாந்தி எடுத்தேன்.

வீட்டை விற்ற சூசைராஜ் சிரித்தார். "மழைன்னா ஓட்டு வீடு நாலு சொட்டு சொட்டத்தான் செய்யும் தம்பி. சொட்டாத வீடு வேணும்னா கல்லறைத் தோட்டத்துலதான் கேக்கணும்."

என் மனைவி இசைவாணியும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு அந்தச் சமையலறை பிடித்துவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் கரித்தணலில் சாம்பிராணி போட்டுத்தான் கூந்தலை உலர்த்துவாள். வாடகை வீட்டில் புகைக்காகத் திட்டு வாங்கியவள். இங்கே புகை கூண்டு வழியாகப் போய்விடும் என்றாள். வாங்கினோம்.

ஓடுகளை மாற்றினேன். புறாக்கள் போகவில்லை. ஒருநாள் குழம்பில் எச்சம் விழுந்தது. அவள் கரண்டியால் அதை அள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொதிக்க வைத்தாள்.

"கொதிச்சா எல்லாம் செத்துரும்ங்க. ஒருநா வெஞ்சனத்துக்கு இம்புட்டு மூஞ்சியா?"

அதன்பிறகு அவள் விரல்களைப் பார்த்தாலே எனக்குக் குமட்டியது.

கூண்டை அடைத்துவிடலாம் என்றேன். "குஞ்சு இருக்குங்க. பறந்து போகட்டும், பெறகு வலை போடுங்க" என்றாள்.

அவள் அய்யலூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது மேலே ஏறி, கூண்டின் வாயில் ஒரு கடப்பாக்கல்லை வைத்துச் சிமெண்ட் பூசினேன். குஞ்சுகள் உள்ளே இருந்தன. திரும்பி வந்தவளிடம், குஞ்சுகள் பறந்துவிட்டன, வலை போட்டாயிற்று என்றேன். சந்தோஷப்பட்டாள்.

சில நாட்களில் நாற்றம் எடுத்தது. அடுப்பு மேடையில் புழுக்கள் விழுந்தன. எலி செத்துக் கிடக்கும் என்று நினைத்து அவள் மூலை மூலையாகத் தேடினாள். அவள் சேலையிலும் கூந்தலிலும் அந்த நாற்றம் ஏறிவிட்டது. அதைப் போக்க, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கத்தைவிட அதிகமாகச் சாம்பிராணி போடத் தொடங்கினாள்.

அன்று ஐப்பசி மழை. ஒழுகிய சமையலறைச் சன்னலைச் சாத்திச் சாக்கைத் திணித்திருந்தோம். குளித்துவிட்டு வந்தவள் சட்டி நிறையத் தணல் போட்டு உட்கார்ந்தாள்.

"பொகை மேல போகவே மாட்டேங்குதே?"

"மழைக்காத்து கீழ அமுக்குது" என்றேன்.

"சரி, கூடத்துலேருந்து குளுந்த காத்து வருது. கதவச் சாத்திட்டுப் போங்க."

சாத்தினேன். கூடத்துப் பக்கம் இருந்த தாழ்ப்பாளையும் போட்டேன். நான் வேதியியல் படித்தவன். மூடிய அறையில் கரித்தணல் என்ன செய்யும் என்று கல்லூரியில் பாடமே எடுத்திருக்கிறேன். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது.

கூடத்தில் தட்டுப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் கூப்பிட்டாள். "ஏங்க, தல சுத்துது. கதவத் தொறங்க." பிறகு தட்டினாள். பலமாக இல்லை. வெகு நாட்களுக்குப் பிறகு அன்றுதான் நாற்றமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திறந்தால் அந்த நாற்றம் கூடத்துக்கு வந்துவிடும். சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போது தட்டும் சத்தம் நின்றிருந்தது. அதன்பிறகும் உடனே திறக்கவில்லை.

கல்லைப் பற்றியும் கேட்டீர்கள். நான்தான் வைத்தேன். அடக்கம் முடிந்ததும் நான்தான் எடுத்தேன். உள்ளே இருந்ததை வாளியில் வாரி எடுத்துவிட்டுக் கூண்டையே இடித்தேன். கூரை முழுவதும் புது ஓடு. சமையலறையில் இப்போது எந்த வாடையும் இல்லை. இசைவாணி பார்த்திருந்தால் நான் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்டிருப்பாள். அவள் பிடிவாதக்காரி இல்லை.