நிறுத்த நிறுத்த ஓடும் ஏசி

மெக்கானிக்: ஃபில்டர்ல ஒரு தூசி இல்லையே சார்.

வீட்டுக்காரர்: இருக்காதுண்ணே. கழுவினேன்.

மெக்கானிக்: எப்போ?

வீட்டுக்காரர்: நேத்து... முந்தாநாளும்.

மெக்கானிக்: தினமுமா? எங்க வீட்ல சாப்பிடற தட்டு கூட இவ்வளவு சுத்தமா இருந்ததில்ல. சரி, அதுல கோளாறு இல்ல. அந்த ஸ்கிரீனைக் கொஞ்சம் விலக்குங்க, குகைக்குள்ள வேலை பாக்கற மாதிரி இருக்கு.

வீட்டுக்காரர்: வேண்டாம்ணே. டார்ச் வச்சிருக்கீங்கல்ல...

மெக்கானிக்: நடுப்பகல்ல டார்ச்சா?

வீட்டுக்காரர்: மெல்லப் பேசுங்க. பக்கத்து வீட்ல கேக்கும்.

மெக்கானிக்: ஏசி ரிப்பேர்தானே சார் பாக்கறோம், பூட்டா உடைக்கறோம்? வண்டிய அடுத்த தெருவுல விடச் சொன்னீங்க, விட்டேன். ஏணியத் தூக்கிட்டு வெயில்ல நடந்து வந்தேன். பெல்லை அடிக்காதீங்கன்னீங்க, கதவைச் சுரண்டிட்டு நின்னேன். இப்ப பேசவும் கூடாதா?

வீட்டுக்காரர்: கோவிச்சுக்காதீங்க. நாலு மணிக்குள்ள முடியுமா?

மெக்கானிக்: நாலு மணிக்கு என்ன?

வீட்டுக்காரர்: வீட்ல அவ அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சு வந்துடுவா.

மெக்கானிக்: வரட்டுமே. ரிப்பேர் பண்ணினா சந்தோஷம்தானே படுவாங்க? ...சரி சரி, முகத்த அப்படி வச்சுக்காதீங்க. மறுபடி ஒரு தடவ சொல்லுங்க. என்ன பண்ணுது?

வீட்டுக்காரர்: நிறுத்தினா நிக்குது. அப்புறம் அதுவா போட்டுக்குது. ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ.

மெக்கானிக்: ராத்திரிலயுமா?

வீட்டுக்காரர்: இல்ல. பகல்ல மட்டும். ஒம்பது மணிக்கு மேல.

மெக்கானிக்: ஞாயித்துக்கிழமை?

வீட்டுக்காரர்: ஞாயித்துக்கிழமை... ஒழுங்கா இருக்கு.

மெக்கானிக்: வாரத்துக்கு ஒரு நாள் லீவு எடுக்கற ஏசிய இன்னிக்குத்தான் பாக்கறேன். ஆமா, பகல்ல ஓடறது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆபீஸ்ல இருப்பீங்களே.

வீட்டுக்காரர்: இன்னிக்கு லீவு.

மெக்கானிக்: நேத்து?

வீட்டுக்காரர்: நேத்தும்...

மெக்கானிக்: லீவு நாள்ல டக் இன் பண்ணி, பெல்ட் கட்டி... ஷூவ சோஃபாவுக்கு அடியில ஒளிச்சு வச்சு... விடுங்க, எனக்கெதுக்கு. இந்தப் பைய நகர்த்திக்கறேன், ஏணி போடணும். என்ன சார், பஞ்சு மாதிரி இருக்கு? ஆபீஸ் பைன்னு நெனச்சேன்.

வீட்டுக்காரர்: குடுங்க. அத நான் வச்சுக்கறேன்.

மெக்கானிக்: பழைய பேப்பரும் டிபன் பாக்ஸும்தான் இருக்கு போல.

வீட்டுக்காரர்: குடுங்கண்ணே.

மெக்கானிக்: ...எத்தனை மாசமாச்சு சார்?

வீட்டுக்காரர்: என்னது?

மெக்கானிக்: வேலை போய்.

வீட்டுக்காரர்: வேலையா? யாரு சொன்னா?

மெக்கானிக்: நான் யாரு, உங்க சொந்தக்காரனா? ஏணிய மடிச்சா போயிட்டே இருப்பேன். சொல்லலாம்.

வீட்டுக்காரர்: நாலு மாசம். காலைல அவளோட சேந்து கெளம்புவேன். அவ பஸ் ஏறினதும் சுத்திக்கிட்டு பின்பக்கமா வந்துடுவேன். லைட் போட மாட்டேன், டிவி போட மாட்டேன். சாயங்காலம் நாலரைக்குத் திரும்ப வெளில போயிட்டு, ஆறு மணிக்குக் களைச்சுப்போய் வருவேன். களைப்பு மட்டும் நெசந்தான்.

மெக்கானிக்: அவங்களுக்குத் தெரியாதா?

வீட்டுக்காரர்: தெரிஞ்சா தாங்க மாட்டா. இந்த ஏசிதான் என்னைக் காட்டிக் குடுத்துடும். கரண்டு பில் ஏறினா, பகல்ல வீட்ல யாருன்னு கேக்க மாட்டாளா? அதனால நான் ஏசியே போடறதில்லண்ணே. வேர்த்தா வேர்க்கட்டும்னு உக்காந்திருப்பேன். அது என்னடான்னா, அதுவா ஓடுது.

மெக்கானிக்: என் மச்சான் ஒருத்தன் இப்படித்தான். எட்டு மாசம் டிபன் பாக்ஸத் தூக்கிட்டுப் போய் பார்க்ல உக்காந்து சாப்பிட்டுட்டு வந்தான்.

வீட்டுக்காரர்: அப்புறம்?

மெக்கானிக்: அப்புறம்... ஏணியக் கொஞ்சம் புடிங்க சார்.

வீட்டுக்காரர்: அப்புறம் என்ன ஆச்சு?

மெக்கானிக்: மெயினை அமத்துங்க. வெளிப் பெட்டிக்குள்ள ஒரு சுவிட்ச் இருக்கு, அது ஒட்டிக்கிச்சுன்னா மெஷின் நிக்காது. கழட்டித்தான் பாக்கணும், முக்கால் மணி நேரம் ஆகும். நீங்க இங்கயே இருங்க. வெளில வந்தா பக்கத்து வீட்ல பாத்துடுவாங்க.

வீட்டுக்காரர்: அமத்திட்டேன்.

மெக்கானிக்: ...சார். முக்கால் மணி நேரமாச்சு, தூங்கிட்டீங்களா?

வீட்டுக்காரர்: இல்ல, சொல்லுங்க. முடிஞ்சுதா?

மெக்கானிக்: அந்த சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு. கேஸும் சரியா இருக்கு. மெஷின் மேல ஒரு குத்தமும் சொல்ல முடியல. உங்க ஃபோன் அதிருதே, கவனிக்கலையா?

வீட்டுக்காரர்: அவதான். அடிச்சு ஓயட்டும். இந்நேரம் எனக்கு மீட்டிங். எடுக்க மாட்டேன்.

மெக்கானிக்: இல்லாத மீட்டிங்ல யாரு சார் பேசிட்டிருக்காங்க?

வீட்டுக்காரர்: கிண்டல் பண்ணாதீங்கண்ணே. எனக்கே பயமா இருக்கு. ஏசி தானா ஓடுது, பையில வச்ச சாமான் காணாமப் போகுது... மூளை கலங்கிடுச்சோன்னு இருக்கு.

மெக்கானிக்: என்ன காணாமப் போச்சு?

வீட்டுக்காரர்: ஒண்ணுமில்ல. மாத்திரை அட்டை.

மெக்கானிக்: என்ன மாத்திரை?

வீட்டுக்காரர்: தூக்கத்துக்கு.

மெக்கானிக்: பகல்ல தூங்கவா?

வீட்டுக்காரர்: அத விடுங்கண்ணே.

மெக்கானிக்: சார், இங்க பாருங்க. என்னப் பாருங்க.

வீட்டுக்காரர்: மெயினைப் போடட்டுமா?

மெக்கானிக்: ...போடுங்க. இனி பாக்க வேண்டியது சுவர்ல இருக்கற, ஏசியப் போட நிறுத்தற இந்த தெர்மோஸ்டாட் ஒண்ணுதான். இது யாரு வாங்கினது?

வீட்டுக்காரர்: அவதான், போன வருஷம். எனக்கு அதுல நிறுத்தற பட்டன் மட்டும்தான் தெரியும்.

மெக்கானிக்: இந்த ரகத்துல ஒரு வசதி இருக்கு. யாரு போட்டா, யாரு நிறுத்தினான்னு எல்லாத்தையும் எழுதி வச்சுக்கும். இருங்க... வந்துடுச்சு. நேத்து, ஒம்பதே காலுக்குப் போட்டது. ஒம்பது பதினேழுக்கு நிறுத்தினது, சுவர்ல.

வீட்டுக்காரர்: அது நான்.

மெக்கானிக்: பத்தரைக்குப் போட்டது. பத்து முப்பத்திரெண்டுக்கு நிறுத்தினது, சுவர்ல. பன்னண்டுக்குப் போட்டது...

வீட்டுக்காரர்: நிறுத்தினது நான், சரி. போட்டது யாருண்ணே?

மெக்கானிக்: ஃபோன்ல இருந்து.

வீட்டுக்காரர்: எந்த ஃபோன்?

மெக்கானிக்: இத எங்க இருந்தாலும் ஃபோன்ல இருந்தே போடலாம் சார். கோளாறு இல்ல இது. யாரோ ஒருத்தர் போடறாங்க, நீங்க நிறுத்தறீங்க. நீங்க நிறுத்தினதும் அவங்க சும்மா இருந்துடறாங்க பாருங்க. ஒரு மணி, ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒண்ணும் பண்ணல. அப்புறம் திரும்பவும் போடறாங்க.

வீட்டுக்காரர்: யாராவது விளையாடறாங்களா?

மெக்கானிக்: விளையாடற ஆளு நிறுத்தின உடனே திரும்பப் போடுவான். இவங்க நீங்க நிறுத்தறதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்த மாதிரி இருக்கு. நேத்து பன்னண்டு மணிக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?

வீட்டுக்காரர்: குளிச்சேன். வேர்வை தாங்கல.

மெக்கானிக்: நாப்பது நிமிஷமா?

வீட்டுக்காரர்: குழாயத் திறந்து விட்டுட்டுக் கீழ உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல.

மெக்கானிக்: அந்த நாப்பது நிமிஷத்துல என்ன நடந்திருக்கு தெரியுமா? இருபத்திநாலுல போட்டிருக்காங்க. அப்புறம் இருபத்திரெண்டு. இருபது. பதினெட்டு. பதினாறு. அதுக்குக் கீழ போக முடியாது, இல்லாட்டி அதையும் பண்ணியிருப்பாங்க.

வீட்டுக்காரர்: ஏன்?

மெக்கானிக்: குளிர் தாங்காமலாவது எழுந்து வரட்டும்னு இருக்கும்.

வீட்டுக்காரர்: அப்போ... அப்போ அவ ஃபோன் பண்ணினா. ஈரக் கையோட எடுத்தேன். என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, தெரியாம கை பட்டுடுச்சுன்னா. மூச்சு மட்டும் வாங்கிட்டிருந்தா.

மெக்கானிக்: இதுல ஒரே ஒரு ஃபோன்தான் சேத்திருக்கு சார். கடைசி நாலு நம்பர் படிக்கட்டுமா? ஏழு, மூணு, ஒண்ணு...

வீட்டுக்காரர்: எட்டு.

மெக்கானிக்: ம். எட்டு.

வீட்டுக்காரர்: அவ நம்பர்.

மெக்கானிக்: மெயினை முக்கால் மணி நேரம் அமத்தி வச்சிருந்தோம். அவ்வளவு நேரமும் அவங்க ஃபோன்ல இந்த ஏசியே செத்துப்போன மாதிரி காட்டியிருக்கும். திரும்ப அதிருது பாருங்க. எடுங்க சார்.

வீட்டுக்காரர்: என்னன்னு பேசறது?

மெக்கானிக்: என் மச்சானுக்கு அன்னிக்கு என் தங்கச்சி ஃபோன் பண்ணினா. அவன் எடுக்கல. அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க. எடுங்க. நான் போய் வண்டிய இந்தத் தெருவுக்கே கொண்டுவரேன்.

வீட்டுக்காரர்: ...ஹலோ.

மனைவி: ஏங்க? நீங்கதானா? நீங்கதானே பேசறீங்க?

வீட்டுக்காரர்: நான்தான்.

மனைவி: பேசுங்க. நிறுத்தாம ஏதாவது பேசுங்க.

வீட்டுக்காரர்: நான்... ஒரு மீட்டிங்ல இருந்தேன். அதான் எடுக்க...

மனைவி: சரிங்க. மீட்டிங்தான். மீட்டிங்லயே இருங்க. அங்கயே இருங்க, எங்கயும் போகாதீங்க. வந்துட்டே இருக்கேன்.

வீட்டுக்காரர்: எங்க இருக்க நீ?

மனைவி: டாக்சில. சிக்னல்ல நிக்குது.

வீட்டுக்காரர்: எங்க வர்ற?

மனைவி: ...வீட்டுக்கு.

வீட்டுக்காரர்: நான் வீட்லதான் இருக்கேன்.

மனைவி: தெரியும்.

வீட்டுக்காரர்: எப்போலேருந்து தெரியும்?

மனைவி: நீங்க டிபன் பாக்ஸக் கழுவிக் கொண்டுவந்த அன்னிலேருந்து. பதினேழு வருஷத்துல ஒரு நாளாவது கழுவியிருக்கீங்களா? மறுநாளே உங்க ஆபீஸுக்கு ஃபோன் பண்ணினேன்.

வீட்டுக்காரர்: அப்போ முதல் வாரத்துலயேவா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

மனைவி: காலைல நீங்க பெல்ட் போட்டுக்கிட்டு நிக்கும்போது எப்படிங்க கேக்கறது? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். நான் கேட்டு, நீங்க ஒடிஞ்சு போயிட்டா... எனக்குத் தைரியம் இல்ல.

வீட்டுக்காரர்: நீ தாங்க மாட்டேன்னு நான் நெனச்சேன்.

மனைவி: நாலு மாசமா தாங்கிக்கிட்டுத்தானே இருக்கேன்.

வீட்டுக்காரர்: பையில ஒரு அட்டை இருந்தது...

மனைவி: நான்தான் எடுத்தேன். டிபன் பாக்ஸ் வைக்கறப்போ கையில தட்டுப்பட்டுது. அன்னிக்கு உங்களோட பஸ் ஸ்டாப் வரைக்கும் எப்படி நடந்து வந்தேன்னே தெரியல.

வீட்டுக்காரர்: அழாத. நான் ஒண்ணும் பண்ணிக்கல. இங்க பாரு, மெக்கானிக் வந்திருக்கார். அவர்தான் மெயினை அமத்தச் சொன்னார். வேற ஒண்ணுமில்ல. ...ஏசிய நீதான் போட்டியா? நான் புழுக்கத்துல கஷ்டப்படறேன்னா?

மனைவி: முதல்ல அதுக்குத்தான் போட்டேன். நீங்க அமத்திடுவீங்க. எனக்குக் கோவமா வரும். அந்த அட்டையப் பாத்ததுக்கு அப்புறம் அதுக்காக இல்ல. நான் இங்கேருந்து போடுவேன். நீங்க எழுந்து வந்து நிறுத்துவீங்க. நிறுத்திட்டா, அடுத்த ஒரு மணி நேரம் என்னால வேலை பாக்க முடியும். ...இன்னிக்கு, கடைசி ஒரு மணி நேரத்துல பதினோரு தடவ போட்டுப் பாத்தேங்க. நீங்க ஒரு தடவ கூட நிறுத்தவே இல்ல.