கமிட்டிப் பாறை

பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கக்காரன் ஆண்ட அந்தக் காலத்துல, நம்ம தாகிலி ஒரு சின்ன ஊரா இருந்துச்சாம். ஊருக்கு முன்னால ஆறு. பாலம் கிடையாது. பிலோன்னு ஒருத்தன், நம்ம வம்சத்துல ஒரு மூத்தவன், ஆளுங்களைத் தோள்ல தூக்கி ஆத்தைக் கடத்தி விடுவானாம்.

'டான்'னு மரியாதையா எல்லாரும் கூப்பிடுற ரூஃபினோன்னு ஒரு கரும்புத் தோட்டக்காரர் முதல் சட்டசபைக்கு நின்னாரு. வெள்ளை சூட்டு, பளபளன்னு பூட்ஸு. கால் நனையலாமா? பிலோ தோள்ல ஏறி வந்து, "பாலம் கட்டித் தர்றேன்"னாராம். ஓட்டு சொத்துக்காரனுக்கும் படிச்சவனுக்கும்தான். பிலோவுக்கு ஓட்டு இல்ல, தோள் மட்டும் இருந்துச்சு.

ஜெயிச்சாரு. மணிலா போனாரு. போய் என்ன கிழிச்சாரு? சபை நாற்காலிக்கு மெத்தை வேணும்னு ஒரு நாள் பேசினாராம். அவ்வளவுதான். அடுத்த தேர்தல்லயும் அதே தோளு, அதே பாலம், அதே ஜெயம்.

அந்த வருஷம் வெள்ளம். பிலோ பொண்டாட்டி தோமாசாவுக்கு வலி கண்டுச்சு. மருத்துவச்சி அக்கரையில நின்னு கத்துறா. பிலோவாலயே இறங்க முடியல. தாயும் போச்சு, பிறந்ததும் போச்சு.

மூணாவது தேர்தல். வெட்கங்கெட்ட மனுஷன் மறுபடியும் வந்தாரு. "டேய் பிலோ, குனிடா"ன்னாரு. பிலோ குனிஞ்சான், தூக்கினான். நடு ஆத்துல ஒரு பாறை. அதுமேல இறக்கி வச்சுட்டான்.

"என்னடா இது?"

"ஐயா, பாலம் என்னாச்சு?"

"கமிட்டியில இருக்குடா."

"அப்ப கமிட்டி வர்ற வரைக்கும் இங்கயே இருங்க."

சொல்லிட்டு அவன் பாட்டுக்குக் கரையேறிட்டான்.

டான் திட்டினாராம். கத்தினாராம். "செத்துப்போவேன்டா"ன்னு கெஞ்சினாராம். கரையில ஊரே நிக்குது, ஒருத்தரும் அசையல. சாயங்காலம் பசி தாங்காம, பூட்ஸைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, கண்ணை மூடி இறங்கினாரு. தண்ணி எவ்வளவு? இடுப்பளவு! அதுக்குத்தான் அத்தனை ஒப்பாரி.

நனைஞ்சு கரையேறினவர்கிட்ட பிலோ சொன்னானாம்: "என் தோமாசா செத்த அன்னைக்கு ரெண்டு ஆள் ஆழம், ஐயா."

அந்தத் தடவையும் டான்தான் ஜெயிச்சாரு. ஓட்டு வச்சிருந்தவனுங்க லட்சணம் அப்படி.

இப்ப பாலம் வந்துடுச்சு. ஆனா கமிட்டிப் பாறை அங்கேயேதான் இருக்கு. ஓட்டுக் கேட்டு வர்றவன் எவனா இருந்தாலும் தாகிலிக்குப் பாலத்து மேல வரக்கூடாது. ஆத்துல இறங்கி, அந்தப் பாறையைத் தொட்டுட்டு, நனைஞ்ச துணியோடதான் ஊருக்குள்ள நுழையணும். தூக்கிவிட இங்க ஒருத்தனும் குனிய மாட்டான்.