இருபத்துமூன்றாம் கட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, பயிற்சியாளர் சார் அவர்களே, டாக்டரம்மாவின் மாலை போட்ட படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அவருடைய அக்கா அவர்களே, பின்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் என் தோழிகளே, எல்லோருக்கும் வணக்கம். எழுதிவந்ததைப் பார்த்துத்தான் படிக்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வார டாக்டர்! நாம்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தோம். எந்தப் போட்டி நெருங்கினாலும் அவர் சொல்வது ஒன்றுதானே? "ஆறு வாரத்துக்கு ஓடவும் கூடாது, குதிக்கவும் கூடாது, கண்ணு."

ஒன்றரை வருடமாக என் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி. உயரம் தாண்டக் காலை ஊன்றும்போதெல்லாம் யாரோ ஆணியை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். ஐஸ் வைத்தேன், பட்டை கட்டினேன், மாதக்கணக்கில் உடற்பயிற்சி செய்தேன். போகவே இல்லை. அதற்குப் பிறகுதான் அம்மா என்னை அவரிடம் அழைத்துப் போனாள்.

அந்த ஸ்கேன் அறை நினைவிருக்கிறதா, தோழிகளே? விளக்கைக் குறைத்ததும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல ஆகிவிடுமே! டாக்டரம்மா திரையை நம் பக்கம் திருப்பிவைப்பார். சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் என் தசைநாண், வாரிவிட்ட நரைமுடிபோல இழை இழையாகத் தெரிந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் கருமேகம்.

"இதுதான் அடம்பிடிக்குது. ஆற வேண்டிய புண்ணு, ஆறறதை மறந்து தூங்கிடுச்சு."

"என்ன பண்ணுவீங்க டாக்டர்?"

"தட்டி எழுப்பிவிடுவேன். மிச்ச வேலையை அதுவே பாத்துக்கும்."

"கத்தி வைப்பீங்களா?"

"கத்தியா? எனக்கு வெங்காயமே ஒழுங்கா நறுக்க வராது. ஊசிதான்."

மரத்துப்போக மருந்து போட்டார். ஊசிமுனை வெள்ளிக்கோடாகத் திரையில் நீந்தி வந்தது. அந்த மேகத்தைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது. வேறு யாருடைய காலையோ கனவில் பார்ப்பதுபோல நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மிஞ்சியது ஒரு சின்ன பிளாஸ்திரி.

பிறகு நாற்பத்திரண்டு கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். தினமும் ஒரு கட்டத்தில் வலிக்கு ஓர் எண். வலியே இல்லை என்றால் பூஜ்ஜியம், தாங்க முடியாவிட்டால் பத்து. "எல்லாருக்கும் சரியாயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பொய் எண் எழுதினா எனக்கு வழியே தெரியாது," என்றார்.

இருபத்துமூன்றாம் நாள், மைதானத்தில் யாரும் இல்லை. கால் லேசாக இருந்தது. ஒரே ஒரு தடவை என்று நினைத்துக்கொண்டேன். ஓடினேன், எழும்பினேன். வானம் மெல்ல இறங்கி என் முகத்தைத் தொட்டதுபோல இருந்தது. அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம்! ஆனால் கீழே இறங்கியபோது எழுந்திருக்க முடியவில்லை.

கட்டத்தில் பென்சிலால் ஏழு என்று எழுதினேன். பயந்துபோய் அதை அழித்துவிட்டு, ஒன்று என்று எழுதினேன்.

ஆறாவது வாரம் டாக்டரம்மா திரையை வெகுநேரம் பார்த்தார். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இந்தக் கட்டத்துல மட்டும் தாள் தேஞ்சிருக்கே. பரவாயில்ல. சொல்லணும்னு தோணும்போது சொல்லு," என்று தாளை என்னிடமே திருப்பித் தந்தார்.

சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் வியாழக்கிழமை அவர் இறந்துபோய்விட்டார்.

இப்போது மைதானத்தில் என்ன பேசுகிறார்கள்? "அந்த ஊசியெல்லாம் சும்மா. உயரம் தாண்டுற பொண்ணு இன்னும் நொண்டிக்கிட்டுதானே இருக்கா!" குதிகால் வலியோடு ஓடும் நம் நீளம் தாண்டும் தங்கச்சியை, அவள் அம்மா சிகிச்சைக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். யாரைப் பார்த்து? என்னைப் பார்த்து!

டாக்டரம்மாவின் கை தவறவில்லை. தவறியது நான். ஊசி தோற்கவில்லை. நான்தான் அதைத் தோற்கடித்தேன். பயிற்சியாளர் சார், என்னை அணியிலிருந்து எடுத்தாலும் சரி. இதை இங்கே சொல்லாமல் எங்கே போய்ச் சொல்வேன்?

அவரோடு வேலை செய்த இளம் டாக்டர் இந்த மேடையில் இருக்கிறார். டாக்டர், எனக்கு இன்னொரு தாள் கொடுங்கள். நாற்பத்திரண்டு கட்டத்தையும் உண்மையாக நிரப்புவேன். தங்கச்சி, நீயும் வா. நான் துணைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய தாளை அவர் படத்தின் முன்னால் வைக்கிறேன். இருபத்துமூன்றாம் கட்டத்தில் மறுபடி ஏழு என்று எழுதியிருக்கிறேன். இந்த முறை பேனாவால்.