ரிச்மண்ட் வீட்டு மேல்மாடி யன்னல்களைத் திருத்தியது யார் என்பது பற்றி

எனது பெயர் ரஞ்சினி மகேந்திரராஜா. வயது முப்பத்துநான்கு. தொழில், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் உதவியாளர். மெல்பேர்ன் ரிச்மண்டில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் கணவர் மகேந்திரராஜாவுடனும் நான்கு வயது மகள் கிரிஜாவுடனும் வாடகைக்கு இருந்தேன். தீவிபத்துக்குப் பின் நோபல் பார்க்கில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறோம். எனக்கு ஆங்கிலம் பேச வரும். ஆயினும் இதைத் தமிழில் சொல்லவே விரும்பினேன். நான் சொல்லச் சொல்லப் பொலிஸ் நிலைய மொழிபெயர்ப்பாளர் திருமதி நாகேஸ்வரி எழுதுகிறார்.

1976ஆம் ஆண்டுக் கடைசியில், இந்த நாட்டில் கோடை தொடங்கும்போது, அந்த வீட்டுக்குக் குடிவந்தோம். யன்னல்கள் மேலும் கீழும் தள்ளித் திறக்கும் பழைய வகை. பெயின்ற்றுக்கு மேல் பெயின்ற் பூசி மரச்சட்டத்தோடு ஒட்டிப்போனதால் ஒன்றும் அசையவில்லை. அறைக்குள் வெக்கை தாங்கமுடியவில்லை. கிரிஜாவுக்கு மூச்சிழுப்பு வருத்தம் உண்டு. ஆகவே வீட்டுக்காரர் திரு. ஹாலோரனிடம் திருத்தித் தரும்படி கேட்டேன். தான் வீட்டை வாங்கிய நாள் முதல் அவை திறந்ததில்லை என்றும், பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்க்கலாம் என்றும் சொன்னார். அதன் பின்னர் நானே திருத்துவதற்கு அனுமதி கேட்டேன். கண்ணாடி உடைந்தால் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார். சிரித்துக்கொண்டே சம்மதித்தார் என்பதையும் பதியும்படி கேட்கிறேன்.

அதன் பின்னர் வேலையில்லாத நாட்களில் மெல்லிய கத்தியால் பெயின்ற்றை ஓரம் ஓரமாக அறுத்தேன். பக்கச் சட்டத்தைக் கழற்றியபோது உள்ளே இரும்புக் குண்டுகள் விழுந்து கிடந்தன. யன்னலைத் தூக்கிய இடத்தில் நிறுத்திவைப்பது அந்தக் குண்டுகள்தான். அவற்றைக் கட்டியிருந்த கயிறு உக்கிப்போயிருந்தது. புதுக் கயிற்றைக் கப்பி வழியாக விட்டுக் கட்டினேன். முதல் யன்னலில் கயிறு நீண்டுவிட்டதால் அது பாதியில் நின்றது. முழுவதையும் கழற்றித் திரும்பக் கட்டினேன். இரண்டாவதில் ஒரு கண்ணாடி வெடித்தது. நானே கண்ணாடி வாங்கி, புட்டி என்ற பசை வைத்துப் பொருத்தினேன். கடைசியில் ஒரு விரலால் தள்ளவே யன்னல் அசைந்தது. என் கணவர் வேலையால் வந்து, சப்பாத்தும் கழற்றாமல், அதை மேலும் கீழும் பலமுறை தள்ளிப் பார்த்தார். கிரிஜா அன்று தலையை வெளியே நீட்டித் தெருவில் போனவர்களுக்கெல்லாம் கை காட்டினாள்.

அதன் பின்னர், சென்ற யூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கீழ்மாடியில் தீப்பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். முன்னறையில் நானும் கிரிஜாவும் இருந்தோம். எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்த கணேசலிங்கம், கால் முறிந்து மாக்கட்டுப் போட்டிருந்தபடியால், எங்களுடன் கதைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் கதவைத் திறந்தபோது படிக்கட்டு முழுவதும் புகை. உடனே கதவைச் சாத்தி, கீழ் இடைவெளியில் போர்வையை அடைத்தேன். அதன் பின்னர் யன்னலை முழுவதும் மேலே தள்ளினேன். அதற்கு நேர் கீழே முன்வாசலின் தகரக் கூரை இருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஏணியோடு ஓடிவந்து அந்தக் கூரையில் ஏறினார். நான் கிரிஜாவை அவர் கையில் கொடுத்தேன். கணேசலிங்கம் மாக்கட்டுக் காலை மடக்க முடியாமல், தூக்கிய யன்னலுக்குக் கீழால் மல்லாந்து படுத்துத்தான் வெளியே போகவேண்டியிருந்தது. அந்தப் பாரமான கண்ணாடிச் சட்டம் அவருடைய கழுத்துக்கு நேரே மேலே நின்றது. அவர் பயந்தார்.

“அக்கா, இது நிக்குமோ?” என்று கேட்டார்.

“நிக்கும் தம்பி. நான் கட்டின கயிறு. நீர் போம்,” என்றேன்.

நின்றது. அவர் இறங்கிய பின்னர் நான் இறங்கினேன். ஒருவருக்கும் காயமில்லை. தீயணைப்புப் படையினர் வந்தபோது அந்த அறைக் கதவு எரிந்துகொண்டிருந்தது.

அதன் பின்னர், யன்னல்களைத் தானே ஆள் வைத்துத் திருத்தி நல்ல நிலையில் வைத்திருந்ததாகத் திரு. ஹாலோரன் பொலிசுக்குச் சொன்னதாக அறிந்தேன். அது பொய். அதைச் சொல்லவே நானாக இந்த நிலையத்துக்கு வந்தேன்.

அதிகாரி இதைக் கேட்டபின், அப்படியானால் திருத்தியவர் என் கணவர் என்று விளங்கிக்கொண்டு, தன் ஆங்கிலப் பிரதியில் அவருடைய பெயரை எழுதினார். பக்கத்தில் இருந்த என் கணவர் எழும்பி, “நான் ஒரு ஆணிகூட அடிக்கேல்லை. எல்லாம் இவதான் செய்தவ,” என்று முதலில் தமிழிலும், பிறகு உரத்து ஆங்கிலத்திலும் சொன்னார். அதன் பின்னர் அந்தப் பெயர் வெட்டப்பட்டு எனது பெயர் எழுதப்பட்டது. எழுத்துப் பிழையில்லாமல் எழுதும்படி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன்.

இது முழுவதும் என் வாயால் சொன்னது. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ரஞ்சினி மகேந்திரராஜா