எட்டு மாசத்துக்கு ஒரு புஷ்

— கடப்பாரையைப் பொக்லைன் பக்கெட்டுக்கு அடியில குடுத்து ஒரு நெம்பு நெம்புங்க, ஹத்சுயோ சான். ம்... போதும், போதும். பாத்தீங்களா ஆட்டத்தை? பின்னுக்கும் அதைச் சுத்தியிருக்கிற புஷ் வளையத்துக்கும் நடுவுல என் சுண்டு விரலே போகும்போல இருக்கு.

— அதுக்கு ஏன் என்னை முறைக்கிறீங்க, இசோபே சான்? கிரீஸ் அடிக்காம ஒரு நாள்கூட நான் வண்டியைக் கிளப்பினதில்ல.

— நான் ஒண்ணும் சொல்லலையே.

— சொல்ல மாட்டீங்க. மலை மண்ணு, கல்லுப் பொடி உள்ள போயிருக்கும்னு அதே பாட்டைத்தான் பாடுவீங்க. போன புஷ் போட்டு எட்டு மாசம்கூட ஆகல. சரி, பின்னைத் தட்டுங்க. நான் இந்தப் பக்கம் கட்டை குடுத்துக்கறேன்.

— விரலைப் பாத்து... இன்னொரு அடி... வந்துருச்சு. பின்னு பரவாயில்ல. புஷ்தான் முட்டை மாதிரி நீண்டு போச்சு.

— புதுசை எடுத்துட்டு வரட்டுமா? போன வாரம் நீங்க குளுர வைக்கச் சொல்லிக் குடுத்துட்டுப் போனதுலேர்ந்து ஐஸ் பெட்டியிலதான் கிடக்கு, காட்டுப்பன்னிக் கறிக்குப் பக்கத்துல. பன்னிக்கு அப்படி ஒரு துணை!

— அவசரப்படாதீங்க. குளுந்து சுருங்கியிருக்கிறப்பவே உள்ள தள்ளிறணும், வெளிய வச்சா பெருத்துக்கும். முதல்ல பழசு வெளிய வரட்டும். உள்பக்கமா ஒரு கோடு வெல்டிங் வச்சா, ஆறும்போது சுருங்கித் தானா கழண்டுக்கும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கங்க.

— திருப்பிட்டேன். மெதுவாவே பண்ணுங்க. சோறு வெந்துக்கிட்டிருக்கு. முள்ளங்கி ஊறுகாயும் இன்னைக்குத்தான் திறந்தேன். நான் ஒருத்திக்குச் சமைக்கிறதெல்லாம் காட்டுல எறிச்ச நிலாதான். நீங்க வர்ற அன்னைக்குத்தான் அடுப்புக்கே ஒரு மரியாதை.

— வர்ற வழியில ரெண்டாவது வளைவுல மண்ணு சரிஞ்சிருந்த மாதிரி தெரிஞ்சுது.

— செவ்வாய்க்கிழமை மழையில சரிஞ்சது. பக்கெட் கிடுகிடுன்னு ஆடுது, இருந்தாலும் ரெண்டு நாள் அள்ளி ஒதுக்கிட்டேன். இன்னைக்கு வர்றேன்னு சொல்லியிருந்தீங்கல்ல!

— நகராட்சி ஆளுங்க அள்ள மாட்டாங்களா?

— நல்லா கேட்டீங்க! பதினோரு வீடு இருந்தப்பவே எட்டிப் பாக்கல. ஒத்தை வீட்டுக்கா வரப் போறாங்க? தபால்காரர்கூட கடுதாசியைக் கீழ பாலத்துப் பெட்டியில போட்டுட்டுத் திரும்பிடறார். பஸ்ஸும் போன வருஷமே நின்னு போச்சு. இந்தப் பொக்லைன் நின்னா ரோடு போச்சு. ரோடு போச்சுன்னா நான் போக வேண்டியதுதான்.

— இனிமே நிக்காது. இந்த புஷ் ஏழு வருஷம் தாங்கும்.

— ஏழு வருஷமா? அடேயப்பா! இதுவரைக்கும் போட்ட ஆறும் எட்டெட்டு மாசத்துல பல்லைக் காட்டுச்சு. இது மட்டும் என்ன வானத்துலேர்ந்தா குதிச்சுது?

— அதாவது வந்து... இது வேற சரக்கு. பழசு கழண்டுருச்சு. ஓட்டையைத் துடைச்சுட்டேன். போய் எடுத்துட்டு வாங்க, ஓடுங்க.

— இந்தாங்க, துண்டுல சுத்திக் கொண்டாந்துட்டேன். ஆனா குடுக்க மாட்டேன்.

— விளையாடாதீங்க ஹத்சுயோ சான், பெருத்துக்கும்.

— பெருக்கட்டும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காம சொல்லுங்க. அந்த ஆறும் உங்க பட்டறையில நீங்களே கடைஞ்சதுதானே? பதம் ஏத்தாத பச்சை இரும்பு.

— யார் சொன்னது?

— அரம் சொல்லுச்சு. எங்க வீட்டுக்காரர் கல் குவாரியில முப்பது வருஷம் வண்டி ஓட்டினவர். நல்ல புஷ்னா அரம் வழுக்கணும், பிடிக்கவே கூடாதும்பார். நீங்க கழட்டிப் போட்ட ஒவ்வொண்ணையும் ராவிப் பாத்தேன். முள்ளங்கியைச் சீவற மாதிரி வருது. நேத்து இந்தப் புதுசை ராவினேன். வழுக்கிட்டுப் போச்சு.

— தெரிஞ்சும் ஏன் கேக்கல?

— முதல்ல நீங்க சொல்லுங்க. காசுக்குன்னும் நினைக்க முடியல. பெட்ரோல் காசே வாங்க மாட்டேங்கறீங்க.

— அதாவது வந்து... சம்சாரம் போனப்புறம் நான் ஒண்டிக்கட்டை. ஒரு வார்த்தை பேசாம பட்டறையைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாம பூட்டின நாளெல்லாம் உண்டு. ரேடியோல வானிலை சொல்றவளுக்கு 'ஆமாம்மா'ன்னு பதில் சொல்லிக்கிட்டிருந்தேன். முதல் தடவை இங்க வந்தப்ப நீங்க சோறு போட்டீங்க. கையைக் கழுவாம உக்காந்தேன்னு திட்டினீங்க. என்னைத் திட்ட ஒரு ஆள் இருக்குன்னு அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். நல்ல புஷ் போட்டா ஆறேழு வருஷம் கூப்பிட மாட்டீங்களே! அதான். உங்க பொழைப்பே இந்த ரோட்டுலதான் இருக்குன்னு தெரிஞ்சே பண்ணிட்டேன். மன்னிச்சுருங்க.

— நிமிருங்க. சேத்துல எதுக்கு மண்டி போடறீங்க? நான் ஏன் கேக்கலன்னா, கேட்டிருந்தா நல்ல புஷ்ஷைப் போட்டிருப்பீங்க.

— ஹத்சுயோ சான்...

— இப்ப மட்டும் எதுக்கு நல்லது? என் சோறு அலுத்துப் போச்சா?

— லைசென்ஸைத் திருப்பிக் குடுக்கப் போறேன். வர்ற மாசம் எழுபத்தஞ்சு முடியுது. இடது கண்ணு பாதி தெரியல. இன்னைக்கு மூணாவது வளைவுல சக்கரம் பள்ளத்து ஓரம் வரைக்கும் போயிருச்சு. டாக்டரும் திட்டிட்டார். இனிமே என்னால மலை ஏற முடியாது. கடைசியா வர்றப்பவாவது ஒழுங்கானதைப் போட்டுட்டுப் போகணும்னு பாத்தேன்.

— கடைசியாவா?

— ஆமாம். அதைக் குடுங்க.

— இருங்க. இன்னும் குளுந்துதான் இருக்கு.

— நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நீங்களும் கீழ டவுனுக்கு வந்துடலாமே? மலையில தனியா இருக்கிறவங்களுக்கு நகராட்சி வீடு குடுக்குது. என் பட்டறைக்குப் பின் தெருவுலயே அப்படி ஒண்ணு யாருக்கோ ஒதுக்கி, மூணு வருஷமா பூட்டியே கிடந்துது. யாருக்கு வச்சிருக்காங்களோ, வந்தா பேச்சுத் துணையாவது இருக்கும்னு நினைச்சுப்பேன். போன வாரம் பாத்தா மஞ்சள் திரை தொங்குது. வேற யாரோ குடும்பமா வந்துட்டாங்க. ஆனா மனு போட்டா உங்களுக்கும் எங்கயாவது கிடைக்கும்.

— அது எனக்கு ஒதுக்கின வீடுதான், இசோபே சான். வேண்டாம்னு போன மாசம் நான்தான் எழுதிக் குடுத்தேன். கீழ வந்துட்டா பழுது பாக்க என்கிட்ட ஒண்ணும் இருக்காதே, என்னைத் தேடி நீங்க எதுக்கு வரப் போறீங்கன்னு நினைச்சேன்.