வலது கைக்கு ஒரு கண்ணாடி

இல்ல கடக்கார நானா, இந்தக் கண்ணாடி மொகம் பாக்குறதுக்கு இல்ல. செவுத்துல மாட்டுறதும் வேணாம். மேசமேல நட்டமா நிக்கணும். ஒரு மொழம் அகலம் போதும், வெட்டித் தருவீங்கள்ல?

எங்க வீட்டுக்காரருக்குத்தான். அழகன்னு, தேயில ஃபெக்டரியில வேலைக்கு நின்னவரு. போன மழைக்கு, காலையில தேத்தண்ணிய வாயில வச்சவரு அப்படியே சரிஞ்சிட்டாரு. பாரிசவாதம். வலது பக்கம் பூரா விழுந்திருச்சு. காலு பரவால்ல, தாங்கித் தாங்கி நடக்குறாரு. கைதான் அசையாம தொங்கிக்கிட்டே கெடந்துச்சு.

ஆஸ்பத்திரியில எக்ஸசைஸ் சொல்லிக்குடுக்குற மிஸ் ஒண்ணு இருக்கு, சுதர்ஷினின்னு. அதுதான் சொல்லிச்சு. கண்ணாடிய நடுவுல நிறுத்தி, ஏலாத கைய அதுக்குப் பின்னாடி மறச்சு வச்சிரணுமாம். நல்ல கைய முன்னாடி வச்சு விரிச்சு மூடணும். கண்ணாடியில பாத்தா ஏலாத கையே அசையிற மாதிரி இருக்கும். பாத்துப் பாத்து மூளைக்கு நெனப்பு வந்துருமாம். ஆமா நானா, எனக்கும் அப்ப சிரிப்புதான் வந்துச்சு.

ஆனா வீட்டுல இருந்த கண்ணாடிய வச்சுச் செஞ்சோம். புள்ளைங்க ரெண்டும் கொழும்புல கடையில நிக்குதுக. தோட்டத்து லயத்துல, அந்த ஒத்தக் காம்பராவுல நாங்க மட்டுந்தான். தேயிலக் கொழுந்தெடுத்துட்டு வந்து, மொகத்தக் கழுவிட்டு அவரு பக்கத்துல உக்காந்துக்குவேன். விரிங்க, மூடுங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கணும். அவரு செஞ்சுக்கிட்டே கத சொல்லுவாரு. ஃபெக்டரி கத, சின்ன வயசுல அவங்கம்மா செத்த கத. கல்யாணம் கட்டி இத்தன வருசத்துல அந்த மனுசன் எங்கூட உக்காந்து பேசினது அப்பதான்.

மொதல்ல வெரலு லேசா அசஞ்சுச்சு. அப்புறம் மணிக்கட்டு. போன வெள்ளிக்கெழம முழங்கையே மடங்கி மேல வந்திருச்சு நானா, மெய்யா! அவரு அழுதுக்கிட்டே, மீனம்மா, இங்க பாருன்னு கைய எம்மொகத்துக்கு நேரா தூக்கிக் காட்டுனாரு.

நான் சட்டுனு குனிஞ்சு மொகத்த மூடிக்கிட்டேன்.

வேணுமின்னு செய்யல. அந்தக் கை ஒசந்தா என் ஒடம்பு அப்படித்தான் குனியும். குடிச்சிட்டு வந்தா அந்தக் கையாலதான அடிப்பாரு. இந்தக் காது இன்னும் சரியாக் கேக்காது.

அவரு பாத்துட்டாரு. நல்ல கையால கண்ணாடியத் தள்ளி ஒடச்சுப் போட்டுட்டாரு. அன்னையில இருந்து அந்தக் கைய போர்வைக்குள்ள மறச்சுக்கிட்டு, செவுத்தப் பாத்து படுத்துக் கெடக்குறாரு. மிஸ் கேட்டதுக்கும், இந்தக் கை இனி எதுக்குன்னுட்டாரு.

பயமில்லன்னு சொல்லமாட்டேன் நானா. வீட்டுக்குப் போனா பேச்சுச் சத்தமே இல்ல, அதுதான் தாங்க ஏலல. மறுபடி உக்கார வச்சுப் பாக்குறேன்.

ஓரத்த நல்லாத் தேச்சுக் குடுங்க. அவரு கையக் கிழிச்சிரப் போவுது.