அளவான சூடு

புழு என்றதும் நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள். எல்லோரும் அப்படித்தான். ஆனால் எங்கள் ஆய்வகத்துப் புழுக்கள் சுத்தமானவை. கண்ணாடி மாதிரி உடம்பு, ஒரு மில்லிமீட்டர் நீளம். வட்டமான பிளாஸ்டிக் தட்டில் தம் பாட்டுக்கு நெளிந்துகொண்டிருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் பல வருடங்களாக என் வேலை. அக்கா என்னைப் 'புழு டாக்டர்' என்றுதான் கூப்பிடுவாள்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். நான் தும்மினால்கூடத் திட்டுவாள். அவளுக்குப் பாசம் அப்படித்தான் வரும். போன வருடம் அவளுக்கு இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பயமில்லை என்றும் சொன்னார். எனக்குப் பயம் போகவில்லை. அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைவதை நினைத்துவிட்டால், ராத்திரி எழுந்துபோய் அவளுக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

எங்கள் ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புழுவைக் கொஞ்ச நேரம் சூட்டில் வைத்தால் அதன் செல்களுக்குள் காவல் புரதங்கள் கிளம்பும். உருக்குலைந்த புரதங்களைப் பிடித்துச் சரியாக மடித்து வைக்கும். சூடு தணிந்த பிறகும் அந்தக் காவல் சீக்கிரம் கலையாது. சொகுசாக இருந்த புழுக்கள் செத்த பிறகும் சூடுபட்டது தெம்பாக ஊர்ந்துகொண்டிருக்கும். அளவு மிஞ்சினால் செத்துவிடும், அது வேறு. இளம் புழுவுக்குத்தான் இது பலிக்கும், வயதானால் அந்தக் காவல் சரியாக எழாது என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். அக்காவை வயதானவளாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

வீட்டில் துணி காயப்போட ஒரு சின்ன அறை உண்டு. அதில் ஹீட்டரை வைத்தேன். முதல் தடவை அவள் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.

"சரிடி, உன் திருப்திக்கு உக்காருறேன். வெந்ததும் மறக்காம இறக்கி வை."

போகப்போக நேரத்தைக் கூட்டினேன். அவள் முரண்டு பிடித்தாள்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குதுடி. நான் உன் புழு இல்ல, உன் அக்கா."

"அக்காங்கிறதாலதான் இவ்ளோ பாடுபடுறேன். கொஞ்சம் பொறுத்துக்கோ."

அன்றைக்குத்தான் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் அடித்தேன். மாத்திரைகளையும் எடுத்து ஒளித்துவைத்தேன். உடம்பு தானாகப் போராடப் பழக வேண்டுமே. கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து என்ன சத்தம் என்று கேட்டார். குழாய் வேலை நடக்கிறது என்றேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. அன்று முழுக்க மனசே சரியில்லை.

நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. புழு உயிரோடிருக்கிறதா என்று மெல்லிய கம்பியால் தொட்டுப் பார்ப்போம். அசைந்தால் இருக்கிறது என்று அர்த்தம். அதேபோல அடிக்கடி போய்க் கதவைத் தட்டுவேன். உள்ளேயிருந்து அக்கா திட்டுவாள். அப்பாடா என்று இருக்கும். கடைசி நாட்களில் அவள் திட்டவில்லை, கெஞ்சினாள். அதையும் நல்ல அறிகுறியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தட்டியபோது பதிலே இல்லை. திறந்தேன். அலமாரித் தட்டுகளில் கால் வைத்து, கூரையை ஒட்டிய ஜன்னல்வரை ஏறி, அது வழியாக வெளியே போயிருக்கிறாள். எங்கள் வீடு மூன்றாவது மாடி.

நீங்கள் கொலை என்கிறீர்கள். எங்கள் வேலையிலும் சில புழுக்கள் தட்டின் சுவரில் ஏறிப்போய் அங்கேயே காய்ந்துவிடும். அவற்றைச் சூட்டால் செத்தவையாகச் சேர்க்க மாட்டோம், கணக்கிலிருந்தே எடுத்துவிடுவோம். நீங்கள் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

மற்றபடி நான் எதையும் மறுக்கவில்லை. பூட்டியது நான்தான். ஹீட்டரைக் கூட்டியதும் மாத்திரையை ஒளித்ததும் நான்தான். அவள் கெஞ்சியது என் காதில் நன்றாகவே விழுந்தது. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அத்தனை பலவீனமான இதயத்தோடு, மாத்திரைகூட இல்லாமல், அவ்வளவு உயரம் தன்னந்தனியாக ஏறியிருக்கிறாள். அவளுக்குச் சூடு பலிக்கத் தொடங்கியிருந்தது.